நான்கு நீரூற்றுச் சந்திப்பில் ஒரு சிறிய ஆலயம்: பிரான்செஸ்கோ பொரோமினி பற்றிய நிகழ்வு ஆய்வு

ரோம் நகரின் குயிரினாலே குன்றின் மீது இரண்டு நேர்ச்சாலைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஒரு சந்திப்பு உண்டு. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு நீரூற்றுகள் இருப்பதால் அதற்கு நான்கு நீரூற்றுச் சந்திப்பு என்றே பெயர். அங்கே ஒரு மூலையில், நீரூற்றைத் தன் சுவரிலேயே ஏந்தியபடி நிற்கிறது புனித சார்லஸ் பொரோமியோவுக்கும் மூவொரு கடவுளுக்கும் நேர்ந்தளிக்கப்பட்ட சான் கார்லோ ஆலயம். அளவில் சிறியது என்பதால் ரோமானியர் அதைச் செல்லமாக சான் கார்லினோ என்று அழைக்கின்றனர். புனித பேதுரு பெருங்கோவிலின் மையக் குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களில் ஒன்றினுள்ளேயே இந்த ஆலயம் முழுவதும் அடங்கிவிடும் என்று சொல்வதுண்டு.

இதைக் கட்டிய 17ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பிரான்செஸ்கோ பொரோமினியை அவர் காலத்தவர் சிலரும் பின்வந்தவர் பலரும் விதிகளை மீறிய விசித்திரப் பிரியர் என்றே எழுதினர். தூண்தலைச் சுருள்களைத் தலைகீழாகத் திருப்பியவர், நேராக நிற்க வேண்டிய சுவரை அலைபோல் வளைத்தவர், எதையும் பிறர் செய்தபடி செய்ய மறுத்தவர் என்பன அவர் மீது சொல்லப்பட்ட குறைகள். சான் கார்லினோவை அடித்தளத்திலிருந்து கூரைவரை பொறுமையாகப் படித்தால் வேறொரு பொரோமினி தெரிகிறார் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. அங்கே உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தேவையோ ஒரு வடிவகணித விதியோ காரணமாக இருக்கிறது. குறுகிய மனையும் ஏழைத் துறவிகளின் பணப்பையும் கல்தச்சர் பட்டறையில் பெற்ற கைப்பழக்கமும் சேர்ந்தே அந்த வடிவத்தை ஈன்றன.

கல்தச்சர் வழி

பொரோமினி 1599 செப்டம்பரில், இன்று சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் உள்ள லுகானோ ஏரிக்கரைச் சிற்றூரான பிசோனேயில் பிறந்தார். குடும்பப் பெயர் காஸ்தெல்லி. தந்தையும் கட்டுமானத் தொழிலில் இருந்தவரே. அந்த ஏரிப் பகுதி பல தலைமுறைகளாகக் கொத்தனார்களையும் கல்தச்சர்களையும் இத்தாலிய நகரங்களுக்கு அனுப்பி வந்த மண். ஏரியின் எதிர்க்கரை ஊரான மெலிதேயிலிருந்து சென்ற தொமேனிக்கோ பொன்தானாதான் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸின் கட்டடக் கலைஞராகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமின் புதிய நேர்ச்சாலைகளை அமைத்தவர். பின்னாளில் பொரோமினியின் ஆலயம் எழவிருந்த சந்திப்பும் அந்தத் திட்டத்தில் உருவானதே. பொன்தானாவின் சகோதரி மகனான கார்லோ மதெர்னோ புனித பேதுரு பெருங்கோவிலின் முகப்பைக் கட்டினார். ஆகவே பொரோமினி ரோமுக்கு வந்தபோது, முன்பே தன் ஊர்க்காரர்களும் உறவினர்களும் வேரூன்றியிருந்த ஒரு தொழில் உலகத்துக்குள்தான் நுழைந்தார்.

அதற்கு முன், சிறுவயதிலேயே மிலான் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே பேராலயப் பணியில் கல் செதுக்கக் கற்றுக்கொண்டார். மிலான் பேராலயம் அப்போதும் கட்டி முடிக்கப்படாமல் இருந்த கோதிக் கட்டடம். சதுரங்களையும் முக்கோணங்களையும் சுழற்றி, அவற்றிலிருந்தே தூணின் வெட்டுமுகத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் வருவிக்கும் இடைக்காலக் கொத்தர்களின் முறை அங்கே வாழும் மரபாக இருந்தது. ரோமில் வளர்ந்த கட்டடக் கலைஞர்கள் பழைய ரோமானியத் தூண்களின் விகிதங்களை மனப்பாடம் செய்து தொடங்கினர். பொரோமினி கவராயத்திலும் மூலைமட்டத்திலும் தொடங்கினார். அவருடைய பிற்காலப் பணி முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

1619இல் ரோமை அடைந்த அவர், பெருங்கோவிலில் கல் செதுக்கினார். மதெர்னோவின் கீழ் வரைவாளராகவும் உயர்ந்தார். 1629இல் மதெர்னோ இறந்ததும் பெருங்கோவிலின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி ஜான் லொரென்சோ பெர்னினிக்குச் சென்றது. பெர்னினி பொரோமினியைவிடப் பத்து மாதம் மட்டுமே மூத்தவர், சிற்பத்தில் ஈடிணையற்றவர், ஆனால் கட்டுமானத்தில் அப்போது அதிகம் பழகாதவர். பெருங்கோவிலின் வெண்கல விதானத்திலும் பர்பெரினி மாளிகையிலும் அவருக்குத் தொழில்நுட்பத் துணையாகப் பொரோமினி பணிபுரிந்தார். இருவருக்கும் இடையே வளர்ந்த பகையைப் பற்றி எண்ணற்ற கதைகள் உண்டு. ஆவணங்கள் தரும் படம் அவ்வளவு எளியதன்று: ரோம் பல்கலைக்கழகமான சப்பியென்சாவின் கட்டடக் கலைஞர் பதவிக்கு 1632இல் பொரோமினியைப் பரிந்துரைத்தவர் பெர்னினியே.

மனையும் மடாலயமும்

பொரோமினிக்குத் தனித்துக் கிடைத்த முதல் பெரும்பணி 1634இல் வந்தது. அதை அளித்தவர்கள் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த, காலணி அணியாத திரித்துவ சபைத் துறவிகள். கடற்கொள்ளையரிடமும் போர்களிலும் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே 1198இல் தோன்றிய அந்தச் சபையின் தலையாய பணி. திரட்டும் பணம் மீட்புக்கே செல்ல வேண்டியிருந்த நிலையில், ஆடம்பரமான கட்டடத்துக்கு அவர்களிடம் இடமில்லை. மனையோ சிறியது, சாலைச் சந்திப்பின் மூலையில், ஏற்கெனவே இருந்த நீரூற்றுக்காக ஒரு முனை வெட்டப்பட்டது. அந்த இடத்துக்குள் துறவியர் அறைகள், உணவுக்கூடம், நூலகம், உள்முற்றம், ஆலயம் ஆகிய அனைத்தும் அமைய வேண்டும்.

பொரோமினி முதலில் துறவிகளின் குடியிருப்பைக் கட்டினார். பிறகு 1635, 1636ஆம் ஆண்டுகளில் உள்முற்றம் எழுந்தது. ஆலயத்தின் அடிக்கல் 1638இல்தான் நாட்டப்பட்டது. அன்றாட வாழ்வுக்கு வேண்டியதை முடித்துவிட்டு வழிபாட்டு இடத்துக்கு வந்த இந்த வரிசை துறவிகளின் தேவையைப் பின்பற்றியது.

உள்முற்றம் பெரும்பாலான பார்வையாளர்கள் விரைந்து கடந்துபோகும் இடம். உண்மையில் ஆலயத்தின் இலக்கணம் முழுவதும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நீள்சதுரமான சிறிய முற்றத்தின் நான்கு மூலைகளும் வழக்கமான செங்கோணமாக மடங்காமல், உள்நோக்கிக் குவிந்து வளைகின்றன. அதனால் மூலை என்ற ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இணைத்தூண்களின் வரிசை எங்கும் தடைபடாமல் முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. இடுக்கமான வெளியில் மூலைகள்தாம் இடுக்கத்தை அதிகம் உணர்த்துபவை. அவற்றை நீக்கியதும் வெளி விரிந்ததுபோல் தோன்றுகிறது. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின் குறுந்தூண்கள் ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் மாறி மாறி நிற்கின்றன. செலவு கூடவில்லை, அதே சிறுதூண்தான், வைத்த விதம் மட்டுமே வேறு.

இரண்டு முக்கோணங்கள்

ஆலயத்தின் தரைப்படத்துக்கு அடிப்படையாக இருப்பது பின்வரும் வரைமுறை. இரண்டு சமபக்க முக்கோணங்களை ஒரு பக்கம் பொதுவாக இருக்குமாறு ஒட்டினால் ஒரு சாய்சதுரம் கிடைக்கிறது. அதன் நீண்ட மூலைவிட்டம் வாயிலிலிருந்து பலிபீடத்துக்குச் செல்லும் அச்சாகிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் ஒரு வட்டம் வரைந்து, பொதுப் பக்கத்தின் இரு முனைகளையும் மையமாகக் கொண்ட பெரிய வில்களால் அவ்விரு வட்டங்களையும் இணைத்தால் குவிமாடத்தின் நீள்வட்டம் உருவாகிறது. கணிதக் கண்டிப்போடு பார்த்தால் இது உண்மையான நீள்வட்டம் அன்று. இரண்டே ஆரங்களைக் கொண்ட நான்கு வில்களின் கூட்டு. கட்டுபவருக்கு அதுவே பெரும் நன்மை. முளையும் கயிறும் இருந்தால் இந்த வடிவத்தைத் தரையிலேயே வரைந்துவிடலாம்; சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லுக்கும் புதிய கணக்குப் போட வேண்டியதில்லை.

இந்த வடிவம் மூவொரு கடவுளின் பெயரைத் தாங்கிய சபைக்குப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. குவிமாடத்தின் உச்சியில் முக்கோணத்துக்குள் தூய ஆவியின் புறா அமைக்கப்பட்டிருப்பது இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனாலும் குறியீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டடத்தை விளக்குவோர் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர். முக்கோணம் இங்கே அளவுகோலாகவும் பணிபுரிகிறது. தூண்களும் மாடங்களும் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

வியன்னாவின் அல்பெர்தினா காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் பொரோமினியின் வரைபடங்களில் இந்த உழைப்பின் தடத்தைக் காணலாம். மையை விட்டுவிட்டுக் கிராஃபைட் பென்சிலைக் கையிலெடுத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். ஒரே தாளில் கோடுகளை மீண்டும் மீண்டும் திருத்தி, முந்தைய முடிவை அழிக்காமலே அதன் மேல் அடுத்ததை வரைந்து செல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. இந்தத் தாள்களைப் படிப்பதில் கவனம் வேண்டும். அவற்றில் சில கட்டுமான காலத்தவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டன. பிற்காலத்தில் தம் படைப்புகளை அச்சில் வெளியிடும் எண்ணத்தோடு அவரே மீண்டும் வரைந்தவையும் அவற்றுள் உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனவே வரைபடத்தில் உள்ள தெளிந்த முக்கோணம் தொடக்கத்திலேயே இருந்த கருத்து என்று முழுமையாகத் துணிவதைவிட, கட்டி முடித்த பிறகு தம் சிந்தனையை அவர் தமக்கே விளக்கிக்கொண்ட வடிவமாகவும் கொள்வது நேர்மையானது.

உள்ளே நுழைந்ததும் பதினாறு தூண்கள் ஒருவரைச் சூழ்கின்றன. அவற்றுக்கு இடையே சுவர் குழிந்தும் புடைத்தும் செல்ல, தூண்களுக்கு மேலே ஓடும் கனத்த உத்திரப் பட்டை எங்கும் அறுபடாமல் அந்த அசைவைப் பின்தொடர்கிறது. அதற்கு மேல் நான்கு வில்வளைவுகளும் அவற்றின் இடையே எழும் வளைமுக்கோணங்களும் ஒரு சிலுவை வடிவத்தைத் தெளிவாக்குகின்றன. அதற்கும் மேலே நீள்வட்டக் குவிமாடம். கீழே அலையும் சுவர், நடுவே சிலுவை, மேலே அமைதியான நீள்வட்டம் என மூன்று வேறுபட்ட வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும்போதும் இவற்றில் எது எங்கே முடிந்தது என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. இந்த இணைப்புத் திறன்தான், என் மதிப்பீட்டில், அந்த நூற்றாண்டின் வேறு எந்தக் கட்டடக் கலைஞரிடமும் இந்த அளவு முதிரவில்லை.

குவிமாடத்தின் உட்புறத்தில் எண்கோணம், அறுகோணம், சிலுவை ஆகிய மூன்று வடிவக் குழிவுகள் தேன்கூட்டின் அறைகள்போல் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. மேலே செல்லச் செல்ல அவை சிறுத்துக்கொண்டே போவதால் குவிமாடம் உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தோன்றுகிறது. அதன் அடிவிளிம்பில் சுதையால் செய்த இலை வரிசைக்குப் பின்னே சாளரங்கள் மறைந்திருக்கின்றன. உச்சிக் கூண்டிலிருந்தும் வெளிச்சம் இறங்குகிறது. கீழே நிற்பவருக்கு ஒளி தெரிகிறது, ஒளி நுழையும் வழி தெரிவதில்லை.

இவ்வளவையும் அவர் செங்கல்லாலும் சுதையாலுமே செய்தார். வண்ணப் பளிங்குக்குச் சபையிடம் பணமில்லாததால் உட்புறம் முழுவதும் வெள்ளையாகவே நின்றது. வடிவத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் நிழலே காட்டிக்கொடுத்தது. இதே சாலையில் சற்று தூரத்தில் பெர்னினி 1658இல் தொடங்கிய சான்ட் ஆந்திரேயா ஆலயத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இயேசு சபைக்காக, கமில்லோ பம்பீலி என்னும் செல்வக் கோமகனின் ஆதரவில் எழுந்த அதுவும் நீள்வட்ட ஆலயமே. அங்கே செம்பளிங்கும் பொன்னும் சிற்பங்களும் பேசுகின்றன. இரண்டும் பேரழகு வாய்ந்தவை. ஆயினும் பளிங்கை உரித்துவிட்டால் பெர்னினியின் ஆலயம் பெரிதும் இழக்கும். சான் கார்லினோவில் உரிப்பதற்கே ஒன்றும் இல்லை.

கட்டுமானம் நடந்த விதத்தைப் பற்றி அந்த மடாலயத்தின் துறவி ஹுவான் தே சான் புவெனவெந்துரா விரிவான குறிப்பு எழுதி வைத்தார். பொரோமினி தம் பணிக்குத் துறவிகளிடம் ஊதியம் பெறவில்லை என்கிறார் அவர். கொத்தனாரின் கரண்டியையும் சுதை வேலைக்காரரின் தேய்ப்புப் பலகையையும் தச்சரின் ரம்பத்தையும் கல்தச்சரின் உளியையும் கொல்லரின் அரத்தையும் பொரோமினியே உடனிருந்து வழிநடத்தினார் என்றும் எழுதுகிறார். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும் கட்டடக் கலைஞராக அவர் இருந்ததில்லை. செலவு குறைந்ததற்கும் இதுவே காரணம்: கல்லின் விலையை அவர் கைத்திறனால் ஈடுகட்டினார். பல நாட்டவரும் ரோமுக்கு வந்தபோது இந்த ஆலயத்தின் தரைப்படத்தைக் கேட்டு வாங்க முயன்றதையும் அதே துறவி பெருமிதத்தோடு பதிவு செய்திருக்கிறார். 1641இல் ஆலயம் ஏறக்குறைய முடிந்தது, 1646இல் நேர்ந்தளிக்கப்பட்டது. முகப்புக்கு மட்டும் பணமில்லை.

இடைப்பட்ட ஆண்டுகள்

முகப்பு காத்திருந்த கால் நூற்றாண்டில் பொரோமினியின் வாழ்வு உச்சத்தையும் சரிவையும் கண்டது. 1637இல் தொடங்கிய பிலிப்பு நேரியார் சபையின் செபக்கூடத்துக்கு, அருகிலிருந்த ஆலயத்தோடு போட்டியிடாத வகையில், மெல்ல வளையும் செங்கல் முகப்பை அமைத்தார். அந்தப் பணியைப் பற்றி அருட்தந்தை விர்ஜிலியோ ஸ்பாதாவின் துணையோடு எழுதிய விளக்கத்தில், பிறரைப் பார்த்து நகலெடுப்பதற்காகத் தாம் இத்தொழிலுக்கு வரவில்லை என்கிறார். அந்த நூல் 1725இல்தான் அச்சேறியது. சப்பியென்சாவின் சான்ட் இவோ ஆலயத்தில் இரண்டு முக்கோணங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து விண்மீன் வடிவத் தரைப்படம் கண்டார். தரையில் தொடங்கிய அந்த வடிவம் சுவரில் ஏறி, குவிமாடத்தில் மெல்ல இளகி, உச்சியில் வட்டமாக முடிகிறது. வெளியே அதன் மேல் ஒரு சுருள் வடிவக் கோபுரம் திருகி எழுகிறது. சான் கார்லினோவின் மாணவன் என்று அதைச் சொல்லலாம்; ஆசிரியரை விஞ்சிய மாணவன்.

திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் 1644இல் பதவியேற்றதும் பெர்னினியின் செல்வாக்கு சிறிது காலம் மங்கியது. பெருங்கோவிலின் முகப்பில் பெர்னினி எழுப்பிய மணிக்கோபுரத்தால் விரிசல்கள் தோன்றியபோது அதைக் கடுமையாகக் குறைகூறியவர்களுள் பொரோமினியும் ஒருவர். 1646இல் அது இடித்து இறக்கப்பட்டது. அதே ஆண்டு ரோமின் இலாத்தரன் பேராலயத்தைப் புதுப்பிக்கும் மாபெரும் பணி பொரோமினியிடம் வந்தது. பழைய பேராலயத்தை இயன்றவரை அழிக்காமல் காக்க வேண்டும், 1650ஆம் ஆண்டு யூபிலி என்னும் புனித ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளையும் ஏற்று, பழைய தூண்களைப் புதிய பெருந்தூண்களுக்குள் பொதிந்து நடுக்கூடத்தை முடித்துக் கொடுத்தார்.

அந்தப் பணித்தளத்தில் நடந்த ஒரு கொடுமையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1649இன் இறுதியில், கற்களைச் சேதப்படுத்தியதாகப் பிடிபட்ட ஒருவர் பொரோமினியின் ஆட்களால் அடிக்கப்பட்டு இறந்தார். திருத்தந்தையின் மன்னிப்பால் பொரோமினி தப்பினார். கல்லின் மேல் அவருக்கிருந்த பற்று அந்த உயிருக்கு ஈடாகாது. கலைஞனின் மேன்மையைப் பேசும் நூல்கள் பல இந்த மரணத்தை ஒரே வரியில் கடந்து செல்வது எனக்கு ஏற்புடையதன்று.

1655இல் இன்னொசென்ட் இறந்த பிறகு நவோனாச் சதுக்கத்தின் சான்ட் ஆக்னேசே ஆலயப் பணி அவர் கையைவிட்டுப் போனது. பெர்னினி மீண்டும் உச்சிக்கு வந்தார்; 1665இல் பாரிசில் இருந்தபோது, மற்றவர்கள் மனித உடலின் விகிதத்திலிருந்து கட்டடம் செய்கிறார்கள், பொரோமினியோ கற்பனை விலங்குகளிலிருந்து செய்கிறார் என்ற கருத்துப்படப் பேசினார். பகைமை கலந்த சொல்தான் எனினும் ஒரு வேறுபாட்டை அது சரியாகவே தொட்டது: மனித உடல் பொரோமினியின் தொடக்கப்புள்ளியாக இருந்ததில்லை, முக்கோணமும் வட்டமும்தாம் இருந்தன.

முகப்பு

அதே 1665இல் துறவிகள் மீண்டும் பொரோமினியை அழைத்தனர். முதல் தனிப்பணியே கடைசிப் பணிகளுள் ஒன்றாகவும் அமைந்தது. குறுகிய சாலையில் முகப்பை நேருக்கு நேர் நின்று முழுமையாகப் பார்க்க வழியில்லை. நடந்து வருபவர் அதைப் பக்கவாட்டில்தான் முதலில் காண்பார். கீழ்த்தளம் குழிந்து, புடைத்து, மீண்டும் குழிந்து செல்வது இந்தப் பார்வைக்கு ஏற்பவே. தட்டையான முகப்பாக இருந்தால் சாய்ந்த கோணத்தில் சுருங்கி மறைந்துவிடும். புடைத்த நடுப்பகுதி தூரத்திலிருந்தே வருபவரை எதிர்கொள்கிறது. வாயிலுக்கு மேலே புனித சார்லஸின் சிலை நிற்க, இருபுறமும் வானதூதரின் சிறகுகள் அதன் மேல் கூரையாகக் கூடுகின்றன. அந்தச் சிலை அந்தோனியோ ராஜி செய்தது. பக்கங்களில் சபையைத் தோற்றுவித்த புனிதர்களான மாத்தா யோவானும் வல்வா பெலிக்சும் நிற்கின்றனர்.

பணி நடந்துகொண்டிருக்கும்போதே பொரோமினியின் உடலும் மனமும் தளர்ந்தன. தம் வரைபடங்கள் பிறர் கையில் சிக்கக் கூடாது என்று அவற்றில் பலவற்றை எரித்துவிட்டதாக அக்கால வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1667 ஆகஸ்ட் தொடக்கத்தில், உறக்கமின்றித் தவித்த ஓர் இரவுக்குப் பின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார். இறப்பதற்கு முன் நடந்ததைத் தெளிந்த மனத்தோடு சொல்லி எழுத வைத்தார். அவர் விரும்பியபடியே சான் ஜொவான்னி தேயி பியொரெந்தினி ஆலயத்தில் மதெர்னோவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இந்த முடிவை வைத்து அவருடைய வளைந்த சுவர்களில் மனக்கலக்கத்தைத் தேடும் வாசிப்பு இன்றும் உலவுகிறது. அதை ஏற்க முடியாது. சான் கார்லினோவின் உட்புறத்தை வகுத்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. அந்தச் சுவரில் உள்ளவை மிக நிதானமான ஒரு மனத்தின் கணக்குகள். நோயுற்ற மனிதரின் துயரத்துக்கு இரங்குவதும் அவருடைய கணக்கை மதிப்பதும் தனித்தனிக் கடமைகள்.

முகப்பின் மேல்தளத்தை அவருடைய சகோதரர் மகன் பெர்னார்தோ முடித்தார். அங்கே மூன்று பகுதிகளும் உள்நோக்கிக் குழிகின்றன. நடுவில் மட்டும் சிறிய நீள்வட்ட மாடம் ஒன்று வெளியே புடைத்து நின்று கீழ்த்தளத்தின் அலைக்கு விடை சொல்கிறது. இந்த அடுக்குமுறை பொரோமினியுடையதே என்று கொள்ளத் தடையில்லை. ஆனால் உச்சியில் வானதூதர்கள் ஏந்தியிருக்கும் பெரிய நீள்வட்டச் சித்திரப் பதக்கம் மேல்விளிம்பை உடைத்துக்கொண்டு எழும் விதம் எனக்கு ஐயம் தருகிறது. கட்டடத்தில் வேறெங்கும் அலங்காரம் சுவரின் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. உத்திரப் பட்டை எவ்வளவு வளைந்தாலும் தொடர்ந்தே செல்கிறது. இங்கே மட்டும் பதக்கம் அந்தத் தொடர்ச்சியைத் துண்டித்து, சுவரின் மேல் தொங்கவிட்ட பொருளாகத் தோன்றுகிறது. பொரோமினி உயிரோடிருந்து சாரத்தின் மேல் ஏறியிருந்தால் இந்த இணைப்பை மீண்டும் வரைந்திருப்பார் என்றே கருதுகிறேன்.